கம்ப்யூட்டரை அணைத்தால் என்ன?

காலையில் காத்திருக்க வேண்டுமே என்று கம்ப்யூட்டரை இரவெல்லாம் ஓடவிடுபவர்கள் பலர். சும்மா நிற்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 14 மணி நேரத்தில் 0.7 யூனிட், இரண்டு மாத பில்லில் 42 யூனிட். ஒரு நிமிடக் காத்திருப்புக்கு இது அதிக விலை. அடிக்கடி அணைத்துப் போட்டால் தேய்ந்துவிடும் என்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலேயே பல 50,000 முறை நின்று இயங்கத் தாங்குபவை. தினம் இருமுறை அணைத்தாலும் அறுபது ஆண்டுக்கு மேல் வரும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை.

தாமதத்துக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஸ்டார்ட்அப் பகுதியில் தானாகத் திறக்கும் தேவையற்ற செயலிகளை நிறுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பாதி வேலையை அப்படியே விட்டுப் போக வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அதற்கு ஸ்லீப் போதும். ஆனால் ஸ்லீப்பில் வேலை ரேமில்தான் நிற்கும். பேட்டரியோ யுபிஎஸ்ஸோ இல்லாமல் கரண்ட் போனால் சேமிக்காதது போய்விடும். மின்வெட்டு உள்ள ஊரில் ஹைபர்னேட்டே பாதுகாப்பு. அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைகிறது. இன்னொன்று: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் உள்ள விண்டோஸில் ஷட் டவுன் முழுமையான அணைப்பு அல்ல. கம்ப்யூட்டர் திணறினால் ரீஸ்டார்ட் கொடுங்கள்.