உணவின் பின் குருதியில் ஏறும் வெல்லம்

நீரிழிவை நம்மவர் 'சீனி வருத்தம்' என்பர். அப்பெயரே ஒரு தவறான எண்ணத்தை வளர்த்துவிட்டது. தேநீரிற் சீனியை நிறுத்தியதும் தம் கடமை முடிந்ததெனக் கருதி, பகலிற் குவித்த சோற்றையும் இரவில் பத்துப் பன்னிரண்டு இடியப்பங்களையும் அச்சமின்றி உண்போர் வெள்ளவத்தையிலும் உளர், கொட்டாஞ்சேனையிலும் உளர். 2005-2006 இல் இலங்கையில் நிகழ்ந்த கணிப்பாய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கும், நகரவாசிகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 16.4 பேருக்கும் நீரிழிவு உண்டெனக் கண்டது. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆழ்ந்து நோக்குதல் நம் பழைய மாணவர்க்கும் இன்று கற்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

முதலில் ஓர் எளிய கணக்கு. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி ஓடுகிறது. வெறுவயிற்றில், தெசிலீற்றர் ஒன்றுக்கு 100 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே குளுக்கோசு இருத்தல் இயல்பு. அப்படியாயின் முழுக் குருதியிலும் உள்ள குளுக்கோசு 5 கிராம் அளவினதே. அஃதாவது ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை. இரண்டு கிண்ணம் சோற்றிலோ 90 கிராம் அளவு மாப்பொருள் உண்டு. அது சமிபாடடைந்து குளுக்கோசாகவே குருதியை அடைகிறது. தேநீரில் விட்ட ஒரு கரண்டிச் சீனிக்கு அஞ்சியவர், சோற்றில் அதனிற் பன்மடங்கை உட்கொள்கிறார்.

நலமுள்ளவரிடத்தில் இவ்வெள்ளம் கரைபுரள்வதில்லை. உணவு குடலை எட்டியவுடன் சதையி விரைந்து இன்சுலினைச் சுரக்கிறது; ஈரலும் தசைகளும் குளுக்கோசை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு மணித்தியாலத்தில் அளவு 140 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். நீரிழிவு தோன்றுங்கால் முதலிற் கெடுவது இவ்விரைவான சுரப்பே. ஆகவே காலையில் வெறுவயிற்றுப் பரிசோதனை நன்றாயிருந்தும், பகலுணவின் பின் அளவு 200 ஐத் தாண்டி நிற்றல் கூடும். காலைப் பரிசோதனைத் துண்டை மட்டும் கண்டு மகிழ்வோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். கண், சிறுநீரகம், பாத நரம்பு ஆகியவற்றை அரிப்பது ஓசையின்றி நிகழும் வேலை. நோயுள்ளவர் பலர்க்கு, உண்டபின் 180 ஐ மேவாதிருத்தலை வைத்தியர் இலக்காக வகுப்பர்.

இனி நம் தட்டுக்கு வருவோம். மாப்பொருளின் அளவே முதலாவது. அது குருதியிற் சேரும் வேகம் அடுத்தது. வேகத்தை அளக்கும் கிளைசீமியச் சுட்டெண்ணை 1981 இல் தொறொன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பாரும் துணைவரும் வகுத்தனர். இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதும் அதே நகரிலேதான், 1921 இல். தானியம் எவ்வளவு நுண்ணிதாக அரைபடுகிறதோ அவ்வளவு விரைவிற் சமிபாடடையும். சிவப்பரிசி மாவிற் பிழிந்ததாயினும் இடியப்பம் மாவுணவே. நிறம் சிவந்ததனால் அது மருந்தாகிவிடாது. குரக்கனும் அவ்வாறே. கூழாகக் காய்ச்சிப் பெரிய கிண்ணத்திற் குடித்தால் வெல்லம் ஏறவே செய்யும். பனங்கட்டி சீனியன்று என்பாரும் உளர். நாவிற்கு வேறு, குருதிக்கு ஏறத்தாழ ஒன்றே.

நம் இராப்போசனமே பெருங்குறை உடையது என்பது எம் துணிபு. பகற் சோற்றுடன் பருப்பும் கீரையும் வறையும் மீனும் சேரும். இரவிலோ இடியப்பமும் சொதியும் சிறிது சம்பலும். கடையிலே பொதியாக வாங்கினால் அச்சம்பலும் குறையும். மூன்று அல்லது நான்கு இடியப்பத்தோடு நிறுத்தி, எஞ்சிய இடத்தை வல்லாரைச் சம்பல், கடலைக் கறி, முட்டை, மீன் என்பவற்றால் நிரப்பினால் உணவு நம் உணவாகவே இருக்கும்.

உண்ணும் ஒழுங்கிற்கும் பயனுண்டு. நியூயோர்க்கில் நீரிழிவுடைய 11 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வில், மரக்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு பாணைப் பின்னர் உண்டபோது, ஒரு மணித்தியாலத்தின் பின் குருதி வெல்லம் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் காசு செலவில்லை. கீரையையும் கறியையும் முன்னர் உண்டு சோற்றைப் பின்னர்த் தொடுதல் எவர்க்கும் இயலும்.

இராஜகிரியவிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் கலாநிதி புஷ்பராஜா தவராஜாவும் அவர் மாணவரொருவரும் செய்த சோதனையும் 2015 இல் உலகெங்கும் பேசப்பட்டது. கொதிநீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து, 12 மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால், எளிதிற் சமிபாடடையாத மாப்பொருள் பெருகுமென அவர்கள் அறிவித்தனர். பழஞ்சோறுண்ட நம் பாட்டனார் புன்முறுவல் பூத்திருப்பர். ஆயின் அன்று அறிவித்தது ஆய்வுகூட முடிபே, மனிதரிடத்துச் சோதித்ததன்று. கொழும்பு வெப்பத்திற் சோற்றை இரவெல்லாம் வெளியில் விடுதல் தீது. அதில் நச்சுக் கிருமி பெருகும்.

இன்சுலினோ சில குளிசைகளோ கொள்வோர் ஒன்றை மறத்தலாகாது. மருந்தின் அளவை மாற்றாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் வெல்லம் 70 இற்கும் கீழே வீழும்; வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றும். கந்தசட்டி போன்ற விரத நாட்களில் இவ்விடர் பெரிது. விரதம் தொடங்குமுன் வைத்தியரிடம் மருந்தளவைக் கேட்டறிந்துகொள்க. நடுக்கம் தோன்றின் விரதத்தை விட்டு, மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே பருகுக. கால் மணித்தியாலத்தின் பின் குருதியை மீண்டும் பரிசோதிக்க.