கடைசித் தவணைக்குப் பிறகு

மஞ்சளோ மரவள்ளியோ விற்ற காசில் வருஷக்கணக்காகக் கட்டிய கடன் ஒருவழியாக முடிகிறதா? அரூர்ப் பக்கத்துச் சொந்தங்களே, கடைசி ரசீதோடு நின்றுவிடாதீர்கள்.

கணக்கை முடிக்க மொத்தம் எவ்வளவு என்று வங்கியில் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். கட்டியதும் ‘நிலுவை இல்லை’ சான்று வாங்குங்கள். வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்கு 30 நாளில் அசல் பத்திரத்தைத் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை பாதிதான். அடமானம் பதிவாகியிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீது பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்று சர்வே எண்ணோடு சரிபாருங்கள். இதை விட்டால், நாளை பிள்ளைகள் நிலத்தை விற்கப்போகும்போது பழைய அடமானம் அப்படியே நிற்கும்.

வெளியில் வாங்கிய கடனா? புரோநோட்டும், கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கைக்கு வராமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ‘நோட்டு தொலைந்துவிட்டது’ என்றால், தொகை, தேதி, ‘பாக்கி இல்லை’ என்ற வாசகம் மூன்றையும் சாட்சிக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

வண்டிக் கடனென்றால், ஆர்.சி.யில் ஏறிய நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கப் படிவம் 35 தேவை.