மிளகுக் கொடியின் பொள்ளு வண்டு: இனமறியும் முறை

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து, குற்றாலத்திற் சாரல் தொடங்கும் ஆனி மாதத்தில், மலையடித் தோப்புகளிலுள்ள மிளகுக் கொடிகள் சரம் விடும். சரங்களிற் பிஞ்சு திரண்டு வருங்காலத்தில் சில காய்கள் கறுத்துப்போவதும், சரங்கள் உதிர்ந்து கொடியின் அடியிற் கிடப்பதும் உண்டு. இதைச் சாரலின் விளைவென்று எண்ணி வாளாவிருப்பாரும் உளர். நோயென்று துணிந்து போர்டோக் கலவை தெளிப்பாரும் உளர். உண்மைக் காரணம் வண்டாயின், முன்னவர் காலத்தை இழக்கின்றனர். பின்னவர் பொருளையும் இழக்கின்றனர். மிளகு ஆண்டுக்கு ஒரே பலன் தருவதாகையால், ஆனி, ஆடி மாதங்களிற் செய்த தவற்றை மார்கழி, தை அறுவடையில் திருத்திக்கொள்ள இயலாது. ஆதலின் சேதம் செய்வது யாதென அறிதலே முதற் கடமையாகும்.

வண்டின் குலம்

பொள்ளு வண்டு, இலைவண்டுக் குடும்பத்தின் ஒரு கிளையாகிய தெள்ளு வண்டுகளைச் சேர்ந்தது. தெள்ளுப்பூச்சி போலத் துள்ளுதலால் இவற்றிற்கு இப்பெயர் உண்டாயிற்று. உலகில் இவற்றுள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள. துள்ளும் ஆற்றல் பின்காலின் தொடையில் அமைந்துள்ளது. அத்தொடை மற்றக் கால்களின் தொடைகளைவிடப் பருத்திருப்பதோடு, அதனுள்ளே வில் போன்றதொரு கடின உறுப்பும் உண்டு. இவ்வுறுப்பை 1929-ஆம் ஆண்டில் மௌலிக் என்னும் இந்தியப் பூச்சியியல் அறிஞர் விவரித்தார்.

மிளகைத் தாக்கும் வண்டு நெடுங்காலம் லாங்கிடார்சஸ் நிக்ரிபென்னிஸ் என்ற பெயரால் வழங்கிற்று. லாங்கிடார்சஸ் என்பதற்கு நீண்ட பாதமுடையது என்பது பொருள். அப்பேரினத்து வண்டுகளின் பின்பாதத்து முதற்கணு, கீழ்க்காலின் நீளத்திற் பாதிக்கு மேற்பட்டிருக்கும். மௌலிக் 1926-இல் வெளியிட்ட நூலில் லங்கா என்னும் வேறொரு பேரினத்தை வகுத்தார். பிற்காலத்தில் பிரதாபன், விரக்தமத் ஆகிய இருவர் மிளகு வண்டை ஆராய்ந்து, அது இப்பேரினத்தைச் சேர்ந்த தனியினமென்று கண்டு, லங்கா ராமகிருஷ்ணை எனப் பெயரிட்டனர். பழைய நூல்களில் ஒரு பெயரும் புதிய நூல்களில் மற்றொரு பெயரும் காணப்படினும், மிளகுக் காயைத் துளைப்பதாக அவை கூறும் வண்டு ஒன்றே. லாங்கிடார்சஸ் இனங்களின் புழுக்கள் பெரும்பாலும் வேர்களைத் தின்பவை. மிளகு வண்டின் புழுவோ காய்க்குள் வாழ்வது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

உருவமும் வாழ்க்கையும்

வளர்ந்த வண்டு சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளமும் 1.5 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஏறக்குறைய எள்ளளவே எனலாம். தலையும் மார்பும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகவும், முதுகை மூடும் இறக்கைகள் கறுப்பாகவும் இருக்கும். பகலில் இலையின் அடிப்புறத்தில் தங்கி, இளந்தளிர்களைத் துளைத்துத் தின்னும். ஆளரவம் கேட்டவுடன் துள்ளி மறைவதால், பலர் கண்ணிற்கு இது அகப்படுவதில்லை.

பெண் வண்டு இளஞ்சரங்களிலும் பிஞ்சுகளிலும் முட்டையிடும். முட்டை 5 முதல் 8 நாட்களிற் பொரியும். வெண்மஞ்சள் நிறமுள்ள புழு காய்க்குட் புகுந்து பருப்பைத் தின்று, ஒரு காய் ஒழிந்தபின் அடுத்த காயைத் துளைக்கும். 20 முதல் 32 நாட்களில் சுமார் 5 மில்லிமீட்டர் நீளம் வளர்ந்து, மண்ணில் விழுந்து, 5 முதல் 7.5 சென்டிமீட்டர் ஆழத்திற் கூட்டுப்புழுவாகும். ஆறேழு நாட்களில் வண்டு வெளிவரும். ஒரு தலைமுறை முடிய 40 முதல் 50 நாட்களே வேண்டுமாதலால், ஆனியில் விட்டுவைத்த வண்டுகளின் சந்ததி புரட்டாசி, ஐப்பசியிற் பெருகிக் காணும். சமவெளியிலும், கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்குட்பட்ட தாழ்ந்த இடங்களிலும், நிழலடர்ந்த தோப்புகளிலும் இதன் தொல்லை மிகுதி. குற்றாலத்து அடிவாரத் தோப்புகள் இவ்வெல்லைக்குள் அடங்குவன.

சோதிக்கும் முறை

முதலாவது, கறுத்த காய்களிற் பத்து எடுத்து விரல்களால் நசுக்குக. வண்டு தாக்கிய காய் உள்ளே ஒன்றுமின்றிப் பொள்ளலாய் நொறுங்கும், அதில் துளையிருக்கும், சிலவற்றிற் புழுவும் காணலாம். பொள்ளு என்ற பெயர் இவ்வெறுமையைக் குறித்தே வந்தது.

இரண்டாவது, காயின் தோலைப் பார்க்க. துளையின்றிப் பழுப்பான குழிந்த திட்டுக்கள் தோன்றிப் பின் குறுக்கே வெடித்திருந்தால், அது பூசணத்தால் வரும் நோய். இதனையும் சிலர் பொள்ளு என்றே அழைப்பதனாற் குழப்பம் நேர்கின்றது. போர்டோக் கலவை இந்நோய்க்கு உரியது, வண்டுக்கு அன்று. துளையும் வெடிப்புமின்றிப் பிஞ்சுச் சரங்கள் உதிர்ந்தால், மழை தாமதித்து மகரந்தச் சேர்க்கை குன்றியதையும் காரணமாக ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது, கொடியின் கீழ் வெள்ளைத் துணி விரித்துக் கிளைகளைத் தட்டி, விழும் வண்டுகளைக் கண்ணாடிக் குப்பியிற் பிடிக்க. குப்பியைத் தட்டியவுடன் துள்ளுமாயின், உருப்பெருக்குக் கண்ணாடியாற் பின்தொடையைப் பார்க்க. தொடை பருத்தும், உணர்கொம்பு நூல்போல நீண்டும் இருப்பின் அது தெள்ளு வண்டு. அரைக்கோள வடிவமும் நுனி தடித்த குறுங்கொம்பும் உடைய சிறு கருவண்டு, துள்ளாது ஊர்ந்து செல்லுமாயின், அது பொறிவண்டாகும். அது செதிற்பூச்சிகளைத் தின்னும் நண்பனாதலால் அதனைக் கொல்லலாகாது.

வழக்கிலுள்ள பெயரை மட்டும் நம்புதலும் தவறு. கம்பம் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில் திராட்சையைக் கெடுக்கும் செம்பு நிற வண்டையும் தெள்ளு வண்டு என்பர். அதற்குத் துள்ளும் தொடை இல்லை. தொட்டவுடன் தரையில் விழுவதே அதன் இயல்பு. அது இலைவண்டுக் குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்தது.

செய்யத்தக்கன

மழைக்கு முன் தாங்குமரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் புகச்செய்தல் வேண்டும். கொடியின் தூரைச் சுற்றி மண்ணை வேர் அறுபடாதவாறு மேலாகக் கிளறினால், கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு அழியும். உதிர்ந்த சரங்களையும் தாக்குண்ட காய்களையும் அவ்வப்போது பொறுக்கி அழித்தல் நலம். வேப்பெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மருந்தை ஆவணி முதல் ஐப்பசி வரை தெளிக்கலாம். இரசாயன மருந்து வேண்டுமாயின், அக்காலத்தில் அனுமதியுள்ளதையும் அதன் அளவையும் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறிந்தே கையாள வேண்டும். எம்மருந்தாயினும் சரங்களிலும் இலையின் அடிப்புறத்திலும் நன்கு படவேண்டும். மேற்புறம் மட்டும் நனைத்தல் வீண் செலவேயாம்.

கிராம நிர்வாக அலுவலர்கள் சேதத்தைக் குறிக்குங்கால், சரங்கள் உதிர்ந்தன என்று மட்டும் எழுதாது, துளையுள்ள காய், வெடித்த காய், வெறும் உதிர்வு என்னும் மூன்றையும் பிரித்தெழுதுதல் நன்று. ஐயமுண்டாயின், பிடித்த வண்டுகளைச் சாராயச் சத்திலிட்டு, ஊர், நாள், பிடித்த செடி, கண்ட சேதம் ஆகியவற்றைச் சீட்டிலெழுதிக் குப்பியோடு சேர்த்து அலுவலகத்திற்கு அனுப்புக. சீட்டில்லாத வண்டு எவருக்கும் பயன்படாது. பேரினத்தை முடிவு செய்வது நிபுணரின் வேலை. துள்ளும் தொடையையும் துளைத்த காயையும் கண்டறிவதோ ஒவ்வொரு தோட்டக்காரராலும் ஆகக்கூடியது. சாரலின் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரும் தம் கொடிகளில் இச்சோதனையைச் செய்துபார்ப்பாராக.