இந்த மாதப் பாடம்: பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைங்க எங்கே?



கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசுறோம். இந்த மாதம் நம்ம பிள்ளைங்களின் சாயங்கால நேரத்தைப் பற்றிப் பேசுவோம்.

பள்ளிக்கூடம் நாலு, நாலரை மணிக்கு விட்டுடுது. வயல் வேலைக்கும் செஞ்சி டவுன் கடை வேலைக்கும் போற நாம வீடு திரும்ப ஆறு, ஏழு ஆகுது. இடையில் பிள்ளைங்களைப் பார்க்க ஆள் இல்லை. சின்னது ஏரிக்கும் கிணற்றுக்கும் போகுது. பெரியது கோட்டைப் பாறை மேல் ஏறுது, இல்லேன்னா பஸ் ஸ்டாண்டில் நிக்குது. யாராவது புகையிலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாலும் தடுக்க ஆள் கிடையாது.

போலீசார் செய்த வேலை

இந்தக் கவலை நகரத்துத் தாய்மார்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1914-ல் ஆர்தர் உட்ஸ் என்ற போலீஸ் கமிஷனர், விளையாட இடமில்லாத பகுதிகளில் சில தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, பிள்ளைங்களுக்கு விளையாட்டுத் தெரு ஆக்கினார்.

நம்ம சென்னையிலும் குடிசைப் பகுதிகளில் காவல்துறை சிறுவர் மன்றங்கள் நடத்துது. 'போலீஸ் பாய்ஸ் கிளப்' என்பார்கள். பிறகு சிறுமியருக்கும் மன்றம் வந்தது. சாயங்காலம் டியூஷன், கேரம், கால்பந்து, குத்துச்சண்டை என்று நடக்கும். 2022 செப்டம்பரில் சென்னையில் 'சிற்பி' திட்டம் தொடங்கியது. 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க. சட்டம், சாலை விதி, போதையின் கேடு இவற்றைச் சொல்லிக் கொடுப்பது இதன் நோக்கம்.

இதில் என்ன நன்மை? 'போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்' என்று சொல்லித்தான் பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுறோம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கெடுதல் நடந்தால், ஸ்டேஷனில் போய்ச் சொல்லத் தைரியம் வருமா? கூட விளையாடின போலீஸ்காரரிடம் சொல்லத் தைரியம் வரும்.

நாம தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்

1. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்கணும்.

2. 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு போடக் கூடாது.

3. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் நம்ம விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. பெரும்பாலும் பெண்கள்தான் தன்னார்வலராக வந்து, சாயங்காலம் பாடம் சொன்னாங்க. ஆக, இது நம்மால் முடியாத வேலை இல்லை.

• சமுதாயக் கூடத்தையோ பள்ளி வளாகத்தையோ சாயங்காலம் தரச் சொல்லி ஊராட்சித் தலைவரிடமும் தலைமை ஆசிரியரிடமும் மனு கொடுங்க.

• ஐந்து குழு இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு குழு முறை வைத்து, இரண்டு பேர் பார்த்துக்கணும்.

• ஒரு பந்து, ஒரு கேரம் போர்டு போதும். முதல் அரை மணி வீட்டுப்பாடம், பிறகு விளையாட்டு.

• குழந்தைகள் நல காவல் அலுவலரை மாதம் ஒரு முறை வந்து பிள்ளைங்களோடு பேசச் சொல்லிக் கேளுங்க. சீருடை இல்லாமல் வந்தால் பயம் குறையும்.

கவனம்: வருபவர் போலீசோ ஆசிரியரோ, யாரா இருந்தாலும் பிள்ளையைத் தனியாக விடாதீங்க. எடுபிடி வேலைக்கு அனுப்பாதீங்க. பெண் பிள்ளைகளுக்கும் பந்து கொடுங்க. இருட்டுவதற்குள் முடிச்சிடுங்க.

குழுவில் பேச

அ. நம்ம தெருவில் சாயங்காலம் ஆள் இல்லாமல் இருக்கும் பிள்ளைங்க எத்தனை பேர்?

ஆ. ஏரி, கிணறு, பஸ் ஸ்டாண்ட், கடை: எங்கே ஆபத்து அதிகம்?

இ. வாரம் ஒரு சாயங்காலம் தரக்கூடியவர் யார் யார்?

ஊக்குநர் பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரணும். கடன் தவணையைக் கணக்குப் பார்க்கிற மாதிரி, பிள்ளைங்களின் சாயங்காலத்தையும் கணக்குப் பார்ப்போம்.