மின்னுவது பொன்னா?



மாகறல் போன்ற கோயில் ஊர்களில் திருவிழா என்றால் மணிக்கடைகளும் வந்துவிடும். அங்கே, செம்பழுப்பு நிறத்தில், உள்ளே பொன்துகள் தூவியதுபோல் மினுமினுக்கும் கல் பதித்த மோதிரங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 'சன்ஸ்டோன்' என்னும் இயற்கைக் கல்லின் பெயரால் சிலர் இதை அதிக விலைக்கு விற்பதுண்டு. உண்மையில் இது 'கோல்ட்ஸ்டோன்' என்னும் கண்ணாடியாக இருக்கலாம். அதில் பொன் சிறிதும் இல்லை; மின்னுவது செம்பு.

17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலாளர்கள் இதைச் செய்தனர். தற்செயல் என்னும் பொருள்பட 'அவென்டுரினோ' என அழைத்தனர். பின்னர், இதுபோல மின்னிய இயற்கைக் கல்லுக்கும் 'அவென்டுரின்' என்ற பெயர் வந்தது. அசலுக்குக் கண்ணாடியின் பெயர்!

இதைச் செய்வது எப்படி? உருகிய கண்ணாடியில் செம்பு ஆக்சைடைக் கலந்து, ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஒடுக்குகிறார்கள். செம்பு அணுக்கள் பிரிகின்றன. செம்பின் உருகுநிலை ஏறத்தாழ 1,085 டிகிரி செல்சியஸ். குழம்பு மெல்ல மெல்லக் குளிரும்போது அணுக்கள் ஒன்றுகூடித் தட்டையான படிகங்களாக வளர்கின்றன. விரைந்து குளிர்ந்தால் குழம்பு இறுகிவிடும், அணுக்கள் நகர இயலாது, படிகம் வளராது.

புதுச்சேரிக்கு அருகே, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேட்டில், ஒளிபுகாத செந்நிறக் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அவற்றுக்கு நிறம் தருவதும் செம்பே. ஆனால் அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஆகவே அவை நிறம் தருகின்றன, தனித்தனியே மின்னுவதில்லை.

கோல்ட்ஸ்டோனின் ஒவ்வொரு படிகமும் ஒரு சமதள ஆடி. ஆடியை ஒரு கோணம் திருப்பினால், எதிரொளிக் கதிர் அதைப்போல் இரு மடங்கு திரும்பும் எனப் படித்திருக்கிறீர்கள். அதனால்தான் மோதிரத்தைச் சற்று அசைத்தாலும் ஒரு புள்ளி அணைந்து வேறொன்று ஒளிர்கிறது. காஞ்சிபுரம் பட்டின் சரிகையிலும் தட்டையாக்கிய உலோக இழையே பளபளப்பைத் தருகிறது.

வாங்குமுன் பத்து மடங்கு பெருக்கும் லென்சால் பாருங்கள். முக்கோண, அறுகோணத் தகடுகள் கல் முழுவதும் நெருக்கமாகத் தெரிந்தால் அது கோல்ட்ஸ்டோன். உருண்டையான காற்றுக் குமிழ் தென்பட்டாலும் கண்ணாடியே. இயற்கைச் சன்ஸ்டோனில் துகள்கள் இவ்வளவு சீராகப் பரவியிருப்பதில்லை.

அழகுக்காக அணிய இது நல்ல பொருளே. கண்ணாடிக்குக் கண்ணாடியின் விலையைக் கொடுங்கள், அதுபோதும்.