உங்கள் பிழையோடு புத்தகத்தைத் திறங்கள்

அடி அண்ணாமலையில் மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர் என்பதால் ஆங்கிலம் இங்கே பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. டீக்கடையில் வெளிநாட்டினர் வழி கேட்கிறார்கள். பிள்ளைகளும் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறார்கள். பேனாவை எடுத்தால்தான் தயக்கம் வந்துவிடுகிறது.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள், மாணவி ஒருத்தி அப்பாவின் பெட்டிக்கடைக்கு அட்டையில் 'கூல் டிரிங்க்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி 'எஸ்' எழுத்துக்கு முன்னால் அழகாக ஓர் அப்பாஸ்ட்ரபி. "எல்லாக் கடையிலயும் இப்படித்தானே சார் இருக்கு?" என்றாள். அவள் வீட்டுப் பரணில் அண்ணன் படித்த 'ரென் அண்ட் மார்ட்டின்' இருந்தது. இலக்கண நூல் பல வீடுகளில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

1. பிழையோடு போங்கள். இலக்கணக் கையேடு அகராதியைப் போன்றது. தேவை வரும்போது தேடிப் போக வேண்டியது. இன்று எழுதிய கட்டுரையில் எங்கே சிவப்பு மை விழுந்ததோ, அந்த இடத்தை நூலின் பொருளடக்கத்திலோ கடைசிப் பக்கச் சொல்லடைவிலோ தேடுங்கள். சொந்தப் பிழைக்குக் கிடைத்த விதி மறக்காது.

2. நூல் யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். பி.சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் எழுதிய நூல் 1930களில், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவானது. பிறகு என்.டி.வி. பிரசாத ராவ் அதைத் திருத்தியமைத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டிலேயே காதில் விழுந்தது. விதியைச் சொன்னால் போதும். நமக்கு உதாரணமும் பயிற்சியும் கூடுதலாக வேண்டும். தனியாகப் படிப்பவர்களுக்கு ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' (1985) பொருத்தமானது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி.

3. தமிழ் இலக்கணத்தைத் துணைக்குக் கூப்பிடுங்கள். 'ஓர் ஊர்', 'ஒரு மலை' என்று எழுதத் தெரிந்தவருக்கு 'அ', 'ஆன்' பாதி தெரிந்த மாதிரிதான். 'யா' உயிரெழுத்து அல்ல. அதனால் 'ஒரு யானை'. 'யூனிவர்சிட்டி'க்கு முன்னால் 'அ' வருவதும் அதே காரணத்தால்தான். 'யு' என்ற ஆங்கில உயிரெழுத்தில் தொடங்கினாலும் முதலில் காதில் விழுவது 'ய' ஒலி. 'ஹவர்' என்று நாம் சொல்லும் சொல்லில், சரியான உச்சரிப்பில் 'எச்' ஒலிப்பதில்லை, அதனால் 'ஆன்'. கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள்.

4. தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்களைக் குறித்து வையுங்கள். 'ஊரில்', 'சாலையில்', 'பஸ் ஸ்டாப்பில்' மூன்றுக்கும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ஊருக்கு 'இன்', சாலைக்கு 'ஆன்', பஸ் ஸ்டாப்புக்கு 'அட்'. நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

5. உங்கள் ஊரை வைத்து வாக்கியம் எழுதுங்கள். ஆற்றின் பெயருக்கும் மலைத்தொடரின் பெயருக்கும் முன்னால் 'தி' வரும், தனி மலையின் பெயருக்கு வராது என்கிறது விதி. தேம்ஸையும் ஆல்ப்ஸையும் எழுதிப் பார்ப்பதைவிட, தென்பெண்ணைக்கு 'தி' உண்டு, ஜவ்வாது மலைகளுக்கு உண்டு, அருணாச்சலாவுக்கு இல்லை என்று எழுதிப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் விதி எதிரில் நிற்கும்.

செய்யக்கூடாதவை

1. முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள். 'நவுன்' அத்தியாயத்தோடு நின்றுபோன புத்தகங்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதல் இருபது பக்கம் அழுக்கு, மீதியெல்லாம் புதுசு.

2. மூச்சு விடும் இடமெல்லாம் கமா போடாதீர்கள். ஓலைச்சுவடியில் கமா போன்ற நிறுத்தக்குறிகள் இல்லை. அச்சுக் காலத்தில்தான் தமிழில் பரவின. உரைநடையில் அவற்றை நிலைபெறச் செய்தவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற பெயர்களிலேயே நிறுத்தும் அளவு இருக்கிறது. ஆங்கிலக் கமாவோ பெரும்பாலும் வாக்கிய அமைப்பைப் பார்த்து வருவது. 'மலை ஏறினேன், கால் வலித்தது' என்று தமிழில் எழுதலாம். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு முழு வாக்கியங்களைக் கமா மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது செமிகோலன் போடுங்கள், அல்லது கமாவோடு 'அண்ட்' சேருங்கள்.

3. பன்மைக்கு அப்பாஸ்ட்ரபி போடாதீர்கள். அது உடைமையைக் காட்டும், அல்லது விடுபட்ட எழுத்தைக் காட்டும். 'இட்ஸ்' எழுதும்போது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் பாருங்கள். பொருள் நின்றால் குறி வேண்டும், நிற்காவிட்டால் வேண்டாம்.

4. எல்லா வினையிலும் 'இங்' சேர்க்காதீர்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது நம் ஊர்ப் பேச்சில் சகஜம். ஆனால் அண்ணன் தம்பி இருப்பது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் வேலை அல்ல. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' போதும்.

5. விடைப் பக்கத்தைப் பார்த்துக் கோடிட்ட இடத்தை நிரப்பாதீர்கள். தப்பாகவே எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, ஏன் தப்பு என்பதை ஓரத்தில் தமிழில் ஒரு வரி குறித்து வையுங்கள்.

6. பேசுகிறவரை நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மறுபடி வாய் திறக்க மாதக்கணக்கில் ஆகிறது.

அந்த மாணவி அப்பாஸ்ட்ரபியை அழித்துவிட்டு அட்டையைக் கடையில் மாட்டினாள். அடுத்த வாரம் பரணில் கிடந்த புத்தகத்தோடு வந்து, "கிரிவலத்துக்கு முன்னாடி 'தி' வருமா சார்? இதுல இல்லையே" என்றாள். இருவரும் சேர்ந்து தேடினோம். எந்தப் பக்கத்திலும் கிரிவலம் இல்லை. ஆனால் பொதுவாகச் சொல்லும்போது 'தி' வேண்டாம், குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது வேண்டும் என்ற விதி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தவள் தானே சொன்னாள்: "கிரிவலம் உடம்புக்கு நல்லதுன்னா வேண்டாம். போன பௌர்ணமிக்கு அம்மாவோட போன அந்தக் கிரிவலம்னா வேணும்."

நோட்டில் இரண்டு வாக்கியங்களையும் எழுதினாள். இரண்டும் சரி.