கிராம சபையும் நம் குடும்பங்களும்



குழாயில் தண்ணீர் வராவிட்டால் திண்ணையில் பேசுகிறோம். தெருவிளக்கு எரியாவிட்டால் தேநீர்க் கடையில் பேசுகிறோம். சாக்கடை அடைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடிக்கிறோம். ஆனால் இவைகளைப் பேசுவதற்கென்றே சட்டம் ஏற்படுத்திக் கொடுத்த இடத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. அநேகர் அந்த இடத்திற்குப் போவதுமில்லை. அந்த இடத்தின் பெயர் கிராம சபை. இவ்வாரப் பாடம் அதைப் பற்றியது. வீட்டில் ஒருவர் சத்தமாய் வாசிக்க, மற்றவர்கள் கேட்பது நலம்.

1. கிராம சபை என்பது யாது?

கிராம ஊராட்சி வேறு, கிராம சபை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் பல மயக்கங்கள் உண்டாகின்றன. ஊராட்சி மன்றம் என்பது நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவரும் உறுப்பினர்களும் அடங்கியது. கிராம சபையோ, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள சகலரும் அடங்கியது. தலைவரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சபைக்கு நம்மை யாரும் தேர்ந்தெடுக்கவேண்டியதில்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் ஏறிய நாள் முதல் நாம் அதன் அங்கத்தினர். ஏழை, பணக்காரன், ஆண், பெண், படித்தவர், படியாதவர் என்ற பேதம் அதில் இல்லை.

இந்திய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கிடைத்தது அப்போதுதான். அதை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் உண்டாயிற்று.

2. பழைய சரித்திரம் நமக்குக் கற்பிப்பது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தெரிந்தெடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. அதிலுள்ள ஒரு விதியைக் கவனியுங்கள்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனுடைய பெயரையும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது. பொதுப் பணத்திற்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கே அதன் வாரியங்களில் இடம் இருந்தது. உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. இன்றைய கிராம சபையில் அவர்களுக்கெல்லாம் இடம் உண்டு. முன்னோருக்குக் கிடைக்காத இடம் நமக்குக் கிடைத்திருக்க, அதை வெறுமையாய் விட்டுவைப்பது நியாயமா?

3. எப்போது, எப்படிக் கூடுகிறது?

தமிழ்நாட்டில் முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் சபை கூடிவந்தது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 என்ற இரண்டு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சித் தலைவர் சபையைக் கூட்டி, தலைமை வகிப்பார். தேர்தல் நடவாமல் தலைவர் பதவி காலியாயிருந்தாலும் சபை நின்றுவிடுவதில்லை. 2016 முதல் 2019 வரை அப்படித் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்த காலத்திலும் சபைகள் கூடின.

சபை செல்லுபடியாவதற்கு இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கும் உண்டு. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேற்பட்டால் 300 பேர். மூவாயிரம் பேர் வாழும் ஊரின் காரியத்தை நூறு பேர் கூடித் தீர்மானித்துவிடலாம் என்பது இதன் பொருள். அந்த நூறு பேரில் நம் தெருவார் ஒருவரும் இல்லையென்றால், நம் தெருவின் காரியம் பேசப்படாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

4. எதைப் பேசலாம்?

ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் அங்கீகரிப்பது, தணிக்கை அறிக்கையை ஆராய்வது, நடக்கிற வேலைகள் எந்த மட்டில் உள்ளன என்று பார்ப்பது ஆகியவை சபையின் வேலைகள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊர்ச் சாலை, குளம், சுடுகாடு, இடுகாடு, இவைகளெல்லாம் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. ஆகையால் இவைகளைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கல்லறைத் தோட்டத்திற்குப் போகிற பாதையில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு என்று ஒவ்வொரு அடக்கத்தின்போதும் முறையிடுகிறோம். அந்த முறையீடு சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று யாராவது பார்த்ததுண்டா?

மின்சாரம், பட்டா, பேருந்து போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. இவைகளைப் பற்றியும் தீர்மானம் எழுதி உரிய இலாகாவுக்கு அனுப்பும்படி கேட்கலாம். ஆனால் ஊராட்சித் தலைவரே செய்துமுடிக்கவேண்டும் என்று சண்டையிடுவது வீண்.

சபையின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கக்கூடும். ஒடிசா மாநிலத்து நியமகிரி மலையில் பாக்சைட்டு எடுப்பது பற்றிய வழக்கில், அங்கே வாழும் மக்களின் உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு சொல்லவேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றே சொல்லின. 2014-இல் மத்திய அரசு சுரங்கத்திற்கு அனுமதி மறுத்தது. அது வனச் சட்டத்தின் கீழ் வந்த விசேஷ அதிகாரம். எல்லா ஊர்ச் சபைக்கும் எல்லாக் காரியத்திலும் அவ்வளவு பலம் இல்லை என்பது மெய்தான். ஆனால் எழுத்து வாசனை குறைந்த மலை ஜனங்கள் ஒன்றாய்க் கூடி, மாறாமல் ஒரே சொல்லாய்ச் சொன்னது பலித்தது என்பதும் மெய்.

5. கையெழுத்து ஒரு சாட்சி

இது பாடத்தின் முக்கியமான பகுதி. சபைக்குப் போகாமலே, வீட்டு வாசலில் நீட்டப்படும் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. “தெரிந்தவர் கேட்கிறார், ஒரு கையெழுத்துத்தானே” என்று நினைக்கிறார்கள். அது வெறும் கையெழுத்து அல்ல. “நான் வந்திருந்தேன், கேட்டேன்” என்று கொடுக்கும் சாட்சி. வராதவர் கொடுத்தால் அது பொய்ச்சாட்சியே. அந்தப் பொய்யின் பலனாக, கட்டாத சாக்கடை கட்டியதாகவும் போடாத சாலை போட்டதாகவும் ஏட்டில் ஏறக்கூடும். பிறகு நாம் முறையிடப் போனால், “நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே” என்று நம் கையெழுத்தையே நமக்குக் காட்டுவார்கள்.

6. எப்படிப் பேசவேண்டும்?

கோபமாய்ப் பேசுவது எளிது. திட்டமாய்ப் பேசுவதே பயன் தரும். “எங்களுக்குத் தண்ணீரே வருவதில்லை” என்று கூச்சலிட்டால், “பார்க்கலாம்” என்ற பதிலோடு காரியம் முடியும். “எங்கள் தெருவில் இத்தனை வீடுகள், குழாய் இரண்டு, வாரத்தில் இத்தனை நாள் தண்ணீர் இல்லை, கடைசி ஆறு வீட்டுக்கு ஒருநாளும் எட்டுவதில்லை, இதைத் தீர்மானமாய் எழுதவேண்டும்” என்று காகிதத்தில் எழுதி வாசித்துக் கொடுத்தால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம். எழுதின தீர்மானத்தைக் கூட்டம் கலையுமுன் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். அடுத்த சபையில் முதல் கேள்வியாக, “சென்ற முறை எழுதியது என்னவாயிற்று?” என்று கேளுங்கள்.

வேலித் தகராறு, கட்சிச் சண்டை, பழைய பகை, இவைகளைச் சபைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒருவருடைய மானத்தைக் கெடுக்கப் பேசுகிறவன், ஊருக்குரிய நேரத்தைத் திருடுகிறான்.

7. குழாயின் கடைசியில் இருப்பவர்கள்

ஒவ்வொரு ஊரிலும் குழாய் முடியும் இடத்தில் ஒரு தெரு உண்டு. அது பெரும்பாலும் ஏழைகளின் தெரு. ஜாதியின் பெயரால் தள்ளிவைக்கப்பட்டவர்களின் தெரு. சபை நாளன்று அவர்கள் கூலிவேலையை விட்டு வந்தால் பின்னால் நிற்கிறார்கள். பேச எழுந்தால் “நீ உட்கார்” என்ற சொல் வருகிறது. நம் வீட்டில் தண்ணீர் தாராளமாய் வருகிறது என்பதற்காக நாம் வாய்மூடி இருந்தால், நாமும் அந்தச் சொல்லைச் சொன்னவர்களாகிறோம். அவர்களுக்கு நாற்காலி கொடுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை மற்றவர்களை அமைதியாய் இருக்கச் சொல்லுங்கள். அது போதாவிட்டால், அவர்களோடு எழுந்து நில்லுங்கள்.

பெண்களும் வரவேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது குடம் சுமக்கிறவளுக்குத்தான் தெரியும். அவளை வீட்டில் நிறுத்திவிட்டு அவள் பாரத்தைப் பற்றி ஆண்கள் மாத்திரம் பேசுவது முறையல்ல.

வீட்டில் ஒருவரையொருவர் கேட்கவேண்டிய கேள்விகள்

நம் வீட்டில் 18 வயது நிறைந்த எல்லாரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்களா?

அடுத்த கிராம சபை எந்த நாள், எந்த இடத்தில்?

நம் வீட்டிலிருந்து யார் போகிறார்கள்? என்ன எழுதிக்கொண்டு போகிறார்கள்?

நம் தெருவின் குறையோடு, நம்மிலும் எளியவர் தெருவின் குறை ஒன்றையாவது அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறோமா?

இக்கேள்விகளுக்கு விடை தயாரான வீட்டார், சபை கூடும் நாளில் சற்று முன்னதாகவே போய் உட்காருங்கள்.